அறிவியல் மென்பொருளுக்குப் பங்களிப்பது: திருத்தம் எழுதுவதும் அதை நிரூபிப்பதும்

2014-இல் வேதியியல் ஆய்வாளர்களுக்காகச் சில பைத்தான் நிரல்கள் ஓர் ஆய்விதழ் வழியே வெளியாயின. மூலக்கூறுகளின் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவீடுகளைக் கணித்துச் சொல்ல உதவும் நிரல்கள் அவை. 2019-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே தரவை வெவ்வேறு கணினிகளில் ஓட்டிப் பார்த்தபோது வெவ்வேறு விடைகள் வந்தன. வேதியியல் சூத்திரம் சரியாகவே இருந்தது. கோப்புகளின் பட்டியலைத் தரும் ‘க்ளோப்’ என்ற ஃபங்ஷன் அவற்றை எந்த வரிசையில் தரும் என்பது இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். நிரலோ எப்போதும் ஒரே வரிசையில் வரும் என்று நம்பியிருந்தது. பட்டியலை ஒருமுறை வரிசைப்படுத்தினால் தீர்ந்துபோகிற வழு. அது கண்ணில் படுவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அந்த நிரல்களை மேற்கோள் காட்டிவிட்டன என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

நிரல் நின்றுபோகவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. தவறான எண் ஒன்று சரியான எண்ணைப் போலவே திரையில் வந்து நின்றது. அறிவியல் மென்பொருளின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 2019-இல் வெளியான கருந்துளைப் படத்துக்குப் பின்னாலும் ஈர்ப்பு அலை ஆய்வுகளுக்குப் பின்னாலும் நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இவற்றில் யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம். ஆனால், முன்மொழிகிறவர் நிரலோடு சேர்த்து ‘இந்த விடைதான் சரி’ என்பதற்கான சான்றையும் கொண்டுவர வேண்டும். புதிதாக வருகிறவர்களின் புல் ரிக்வெஸ்ட்கள் (தங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பும் கோரிக்கைகள்) மாதக்கணக்கில் தேங்கிக் கிடப்பதற்கு முக்கியக் காரணம், பெரும்பாலும் அந்தச் சான்று இல்லாததுதான். சான்று இல்லாதபோது அதைத் தேடும் வேலை பராமரிப்பாளர் தலையில் விழுகிறது. அவரிடம் இல்லாத ஒரே பொருள் நேரம்.

எதில் தொடங்குவது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று குறியிட்ட இஷ்யூக்களை, அதாவது திட்டத்தில் பதிவான வழு அறிக்கைகளையும் கோரிக்கைகளையும், தேடு என்பது. பெரிய திட்டங்களில் அந்தக் குறி விழுந்த சில மணி நேரத்திலேயே இரண்டு மூன்று பேர் ஒரே திருத்தத்தை அனுப்பிவிடுகிறார்கள். அதைவிடப் பயனுள்ள வேலை பழைய இஷ்யூக்களில் கிடக்கிறது. ‘விடை தப்பாக வருகிறது’ என்று யாரோ சொல்லியிருப்பார். எந்தப் பதிப்பு, எந்தத் தரவு என்று இருக்காது. அதை இன்றைய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். வழு இன்னும் இருந்தால், எந்தக் கோப்பையும் தரவிறக்கத் தேவையில்லாத பத்து வரி நிரலாக அதைச் சுருக்குங்கள். வந்த விடை எது, வர வேண்டிய விடை எது, அதுதான் சரி என்பதற்கு ஆதாரம் எது என்ற மூன்றையும் எழுதுங்கள். நம்பையின் ‘ஷோ_ரன்டைம்’ தரும் விவரத்தையும் ஒட்டுங்கள். எந்தச் செயலி என்பது அதில் வந்துவிடும்; ‘த்ரெட்பூல்சிடிஎல்’ தொகுப்பை நிறுவியிருந்தால் எந்த நேரியல் இயற்கணித நூலகம் என்பதும் வரும். முன்பு சரியாக இருந்து பிறகு கெட்டதென்றால், மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் ‘கிட் பைசெக்ட்’ கட்டளையை ஓட்டுங்கள். இடையில் 1,000 கமிட்கள் (பதிவான மாற்றங்கள்) இருந்தாலும் சுமார் 10 சோதனைகளில் கெடுத்த கமிட் அகப்பட்டுவிடும். இவ்வளவையும் செய்தவர் திட்டத்தின் நிரலில் ஒரு வரிகூட மாற்றியிருக்க மாட்டார். ஆனால் வேலையின் கடினமான பாதி முடிந்திருக்கும்.

ஆவணங்களும் அப்படியே. எழுத்துப்பிழை திருத்துவதைச் சொல்லவில்லை. நம்பையில் திட்ட விலக்கம் கணக்கிட்டால் இயல்பாக n-ஆல் வகுக்கும். பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தில் n−1-ஆல் வகுக்கும். ஒரே தரவு, ஒரே பெயருள்ள ஃபங்ஷன், இரண்டு விடைகள். எந்தச் சூத்திரம், எந்த அலகு, எந்த இயல்பு மதிப்பு என்று ஆவணத்தில் தெளிவாக இல்லாத இடங்கள் எல்லாத் திட்டங்களிலும் உண்டு. துறை அறிந்த ஒருவர் அவற்றைச் சரிசெய்தால் பல ஆய்வுகள் தப்பிக்கும்.

தவிர்க்க வேண்டிய தொடக்கம் ஒன்று உண்டு: தான் படித்த புதிய முறையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சைக்கிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் திட்டம் இதற்குப் பொதுவான ஓர் அளவுகோலே வைத்திருக்கிறது. முறை வெளியாகிக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், 200-க்கு மேல் மேற்கோள்கள் வேண்டும், பரவலான பயன்பாடும் வேண்டும். கடுமையாகத் தோன்றினாலும் இது நியாயமானது. எழுதியவர் போய்விடுவார், அதற்கு வரும் வழு அறிக்கைகள் பத்தாண்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கும். அளவுகோலுக்குள் வராத முறையைத் தனித் தொகுப்பாக, அதே இடைமுகத்தோடு வெளியிடுவது நல்ல வழி.

இனி, மூலநிரலைக் கணினியில் கட்டியெழுப்பும் கட்டம். பாதிப் பேர் இங்கேயே களைத்துப்போகிறார்கள். முதலில் திட்டத்தை உங்கள் கணக்கில் ஃபோர்க் செய்து (நகலெடுத்து), அதைக் கணினிக்குக் க்ளோன் செய்து, மூலத் திட்டத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் இன்னொரு ரிமோட்டாக (தொலைக் களஞ்சியமாக) சேர்க்க வேண்டும். பிறகு வரும் சிக்கல்களில் மூன்று திரும்பத் திரும்ப நிகழ்பவை.

நம்பை, சைபை போன்றவை வேறு திட்டங்களின் நிரலை சப்மாட்யூல்களாக வைத்திருக்கின்றன. ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட்’ கொடுக்க மறந்தால் அந்தக் கோப்புறைகள் காலியாக இருக்கும். ஏதோ ஒரு ஹெட்டர் கோப்பு இல்லை என்று கம்பைலர் நின்றுவிடும். இரண்டாவது, டேகுகள், அதாவது ஒவ்வொரு வெளியீட்டையும் குறிக்கும் பெயர்கள். வானியலுக்கான ஆஸ்ட்ரோபை போன்ற திட்டங்கள் தங்கள் பதிப்பு எண்ணைக் கிட் டேகுகளிலிருந்தே எடுக்கின்றன. ஃபோர்க்கில் டேகுகள் வந்து சேராவிட்டால் பதிப்பு எண் அபத்தமாக அமைந்து, ‘பதிப்பு பழையது’ என்று சார்ந்திருக்கும் தொகுப்புகள் இயங்க மறுக்கும். அப்ஸ்ட்ரீமிலிருந்து டேகுகளையும் சேர்த்து ஃபெட்ச் செய்தால் சரியாகிவிடும். மூன்றாவது, பில்ட் முறை மாறியது. சைபை 2022-இலும் நம்பை 2023-இலும் மெசான் என்ற முறைக்கு வந்துவிட்டன; ‘செட்டப்.பை’யை நேரே ஓட்டச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்று உதவாது. தொகுத்த சி, சி++, ஃபோர்ட்ரான் பகுதிகள் உள்ள திட்டங்களை எடிட்டபிள் முறையில் (மூலநிரலை மாற்றினால் உடனே செயல்படும்படி) நிறுவும்போது ‘--நோ-பில்ட்-ஐசொலேஷன்’ சேர்ப்பது அவசியம். பில்டுக்கு வேண்டிய கருவிகளையும் அதே சூழலில் முன்பே நிறுவியிருக்க வேண்டும். இல்லையென்றால் பில்ட் தற்காலிகச் சூழலில் நடந்து, அந்தச் சூழல் அழிந்ததும் அடுத்த இம்போர்ட்டில் உடையும்.

எதையும் மாற்றுவதற்கு முன், திட்டத்தோடு வரும் டெஸ்ட்களை (நிரலைத் தானாகச் சோதிக்கும் நிரல்களை) முழுதாக ஒருமுறை ஓட்டி, எவையெவை ஏற்கெனவே தோற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் தங்களால் வராத தோல்வியைத் துரத்தி வாரக்கணக்கை இழக்கிறார்கள்.

திருத்தத்தின் உள்ளடக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். ஒரு திட்டத்தில் விலக்க வர்க்கச் சராசரியைக் கணக்கிடும் ஃபங்ஷன், பாடப்புத்தகத்தில் உள்ள சுருக்கு வழியைப் பயன்படுத்துகிறது என்று வையுங்கள்: வர்க்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்து, கூட்டுத்தொகையின் வர்க்கத்தை n-ஆல் வகுத்துக் கழி, பின் n−1-ஆல் வகு. 4, 7, 13, 16 என்ற எண்களைக் கொடுத்தால் 30 வரும், சரி. ஒவ்வொன்றோடும் 100 கோடியைக் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள். எல்லா எண்களையும் ஒரே அளவு நகர்த்தினால் விலக்கம் மாறாது. விடை 30-ஆகவே இருக்க வேண்டும். கணினி தரும் விடை −170.67. வர்க்கங்களின் சராசரி எதிர்மறையாக இருக்கவே முடியாது என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும்.

ஏன் இப்படி? வழக்கமான 64 பிட் தசம எண்ணில் (ஃப்ளோட்) 53 பிட் துல்லியம்தான் உண்டு. ஏறக்குறைய 16 இலக்கங்கள். 100 கோடியின் வர்க்கம் 19 இலக்க எண். நான்கைக் கூட்டினால் அது 4-க்குப் பின் 18 பூச்சியங்கள் என்ற அளவை எட்டுகிறது. அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு தசம எண்களுக்கு நடுவே 512 இடைவெளி. நமக்கு வேண்டிய வித்தியாசமோ வெறும் 90. ஆகவே கழித்தலின் விடை 0, 512, −512 என்று 512-இன் மடங்காகத்தான் வர முடியும். −512 வந்தது, 3-ஆல் வகுபட்டு −170.67 ஆனது. ஏறக்குறையச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது பயனுள்ள இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போகும் இந்த நிகழ்வை அடையாளம் காணத் தெரிந்தவருக்கு, எந்தத் திட்டத்திலும் செய்வதற்கு வேலை இருக்கும்.

திருத்தம் எளிது: முதலில் சராசரியைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் கழித்து, பிறகு வர்க்கப்படுத்து. விலகல்கள் −6, −3, 3, 6, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 90, விடை 30. ஆனால் இப்போது தரவை இரண்டு முறை படிக்க வேண்டும். மெமரியில் அடங்காமல் துண்டு துண்டாக வரும் தரவுக்கு இது ஒத்துவராது. அதற்கு 1962-இல் வெல்ஃபோர்ட் வெளியிட்ட, ஒவ்வோர் எண் வரும்போதும் சராசரியைப் புதுப்பிக்கும் முறை இருக்கிறது. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வகுத்தல் உண்டு என்பதால் வேகம் குறையும். எதைத் தேர்ந்தீர்கள், எவ்வளவு மெதுவாகிறது என்று அளந்து புல் ரிக்வெஸ்டிலேயே எழுதிவிட்டால், மறுபார்வையாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி முடிந்துவிடும்.

அவர் கேட்கப்போகும் மற்றவையும் ஊகிக்கக்கூடியவையே. காலி அரேயில் (எண் வரிசையில்) என்ன ஆகும்? ஒரே ஓர் எண் இருந்து n−1 பூச்சியமானால்? நடுவில் ஒரு ‘நான்’ (NaN, எண்ணல்லாத மதிப்பு) இருந்தால்? முழு எண்கள், 32 பிட் தசம எண்கள், சிக்கலெண்கள் வந்தால்? இரண்டு பரிமாண அரேயில் ஓர் அச்சு வழியே மட்டும் கணக்கிட்டால்? ஒவ்வொன்றுக்கும் பழைய நிரல் என்ன தந்ததோ அதையே புதியதும் தர வேண்டும். மாறினால் ஏன் என்று விளக்க வேண்டும்.

அடுத்தது டெஸ்ட். நம்முடைய அனுபவமெல்லாம் சேர்ந்து சொல்வது: திருத்தத்தைவிட டெஸ்ட் நீளமாக இருப்பது இயல்பு. அது பழைய நிரலில் தோற்று, புதிய நிரலில் தேற வேண்டும். முதல் பாதியைச் சோதித்துப் பார்க்காமலே அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். ஒப்பிடும் மதிப்பு அதே நிரலின் வெளியீட்டிலிருந்து ஒட்டப்பட்டிருக்கக் கூடாது; அப்படி ஒட்டினால் இன்றைய தவறைக் கல்வெட்டாக்குகிறோம். எம்பிமேத் போன்ற நூலகத்தில் 50 இலக்கத் துல்லியத்தில் கணக்கிட்டு, அந்தக் கணக்கிட்ட நிரலையும் டெஸ்டுக்கு மேலே கமென்டாக எழுதுவது நல்ல வழக்கம். ஐந்து வருடம் கழித்து ‘இந்த எண் எங்கிருந்து வந்தது’ என்று யாரும் திண்டாட மாட்டார்கள்.

பிழை வரம்பைத் தேர்வதில்தான் அதிகம் வழுக்கும். நம்பையின் ‘அஸர்ட்_ஆல்க்ளோஸ்’ இயல்பாக 1-இ-7 (1e-7, அதாவது கோடியில் ஒரு பங்கு) என்ற சார்புப் பிழையை ஏற்கும். தனிப் பிழை வரம்பு 0. எதிர்பார்க்கும் விடை சரியாக 0 என்றால், அந்த 1-இ-7-ஐ 0-ஆல் பெருக்கி வரம்பும் 0 ஆகிவிடும். 1-இ-17 வந்தால்கூடத் தோற்கும். அங்கே ‘ஏடால்’ என்ற தனிப் பிழை வரம்பைத் தரவின் அளவைப் பொறுத்துத் தர வேண்டும். 32 பிட் எண்களின் துல்லியமே ஏறக்குறைய 1-இ-7 என்பதால், அவற்றுக்கு இயல்பு வரம்பு மிகவும் இறுக்கம். ஒரு கணினியில் தோற்கிறதே என்று வரம்பை 1-இ-2-க்குத் தளர்த்திப் பச்சை விளக்கு (டெஸ்ட் தேறியதன் அடையாளம்) எரியவைப்பது மோசமான தீர்வு. அந்தத் தோல்வி எதையோ சொல்ல வருகிறது. முதலில் அதைக் கேட்க வேண்டும்.

பல நேரம் அது சொல்வது, உங்கள் டெஸ்ட் கணிதத்தைச் சோதிக்காமல் ஒரு கணினியின் பழக்கத்தைச் சோதிக்கிறது என்பதே. ஐகன் வெக்டரை, அதாவது மேட்ரிக்ஸால் பெருக்கினாலும் திசைக்கோடு மாறாத வெக்டரை, எடுத்துக்கொள்ளுங்கள்: v விடை என்றால் −v-யும் விடைதான். ஓப்பன்பிளாஸ் என்ற நேரியல் இயற்கணித நூலகம் ஒரு குறியைத் தரலாம், இன்டெலின் எம்கேஎல் இன்னொன்றைத் தரலாம். எண்களை நேரே ஒப்பிடும் டெஸ்ட் காரணமில்லாமல் தோற்கும். மேட்ரிக்ஸால் பெருக்கினால் ஐகன் மதிப்பு மடங்கு வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எங்கும் தேறும். ‘லாங் டபுள்’ எண் லினக்ஸ் எக்ஸ்86-இல் 80 பிட் துல்லிய வகை. விண்டோஸிலும் ஆப்பிளின் ஆர்ம் செயலிகளிலும் சாதாரண 64 பிட்தான். நம்பை 2.0 ஜூன் 2024-இல் வெளிவரும் வரை விண்டோஸில் இயல்பான முழு எண் 32 பிட். 214 கோடியைத் தாண்டினால் எதிர்மறைக்குச் சுழன்றுவிடும். லினக்ஸில் தேறி விண்டோஸில் மட்டும் தோற்ற எத்தனையோ டெஸ்ட்களுக்கு இதுவே காரணம்.

ரேண்டம் எண்களைப் பயன்படுத்தினால் விதையை (எண் வரிசையைத் தொடங்கும் மதிப்பை) நிலைப்படுத்துங்கள். அதையும் மொத்தத் திட்டத்துக்கும் பொதுவான பழைய முறையில் செய்யாமல், டெஸ்டுக்குள்ளேயே ‘டிஃபால்ட்_ஆர்என்ஜி’ வழியாகத் தனி ஜெனரேட்டராக உருவாக்குங்கள். விதை இல்லாமல் 5 சதவீத முக்கியத்துவ நிலையில் ஒரு புள்ளியியல் சோதனை வைத்தால், 3 இயங்குதளங்களிலும் 4 பைத்தான் பதிப்புகளிலுமாக 12 ஓட்டங்களில் ஒன்றாவது தோற்க ஏறக்குறைய 46 சதவீத வாய்ப்பு. அப்படிப்பட்ட டெஸ்ட் ஒன்று இருந்தால் போதும், சிவப்பைக் கண்டுகொள்ளாமல் இருக்க எல்லாரும் பழகிவிடுவார்கள்.

புல் ரிக்வெஸ்ட் அனுப்பும்போது ஒரு நோக்கத்துக்கு ஒன்று. வழுத் திருத்தத்தோடு, போகிற போக்கில் கோப்பு முழுவதையும் ஃபார்மேட் செய்து அனுப்பினால் 8 வரி மாற்றம் 800 வரிக்குள் புதைந்துபோகும். சைபை, நம்பை திட்டங்களில் கமிட் செய்தியின் தலையில் வழுத் திருத்தத்துக்கு ‘பக்’, புது வசதிக்கு ‘ஈஎன்எச்’, ஆவணத்துக்கு ‘டாக்’ என முன்னொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. மாற்றக் குறிப்பைத் தனிச் சிறு கோப்பாகக் கேட்கும் திட்டங்கள் பல. கோப்பின் பெயரில் புல் ரிக்வெஸ்ட் எண் இருக்க வேண்டும் என்பதால் அதைத் திறந்த பிறகே இரண்டாவது கமிட்டாகச் சேர்க்க முடியும். முதல் ஓட்டத்தில் மாற்றக் குறிப்பைத் தேடும் சோதனை மட்டும் சிவப்பாக இருந்தால் பதற வேண்டியதில்லை. மறுபார்வை தொடங்கிய பிறகு கமிட்களை ஒன்றாக்கி ஃபோர்ஸ் புஷ் (பழையதன் மேல் எழுதும் பதிவேற்றம்) செய்யாதீர்கள். எதைப் பார்த்தோம், எது புதிது என்று மறுபார்வையாளருக்குத் தெரியாமல் போகும்.

பயனர் பார்க்கும் நடத்தை மாறுகிறதென்றால் விதி இன்னும் இறுகும். வகுக்கும் எண்ணை n-இலிருந்து n−1-ஆக மாற்றுவது புள்ளியியல்படி சிலருக்குச் சரியாகத் தோன்றலாம். ஆனால் அதை நம்பி வெளியான விடைகள் எல்லாம் ஓர் இரவில் மாறிவிடும். இப்படிப்பட்ட மாற்றத்துக்கு முதலில் எச்சரிக்கை கொடுத்து, குறைந்தது இரண்டு வெளியீடுகள் காத்திருந்து, பிறகே மாற்றுவது நம்பையின் கொள்கை. மற்ற பெரிய திட்டங்களும் ஏறக்குறைய இப்படித்தான். எதிர்மறை விலக்க வர்க்கச் சராசரி போன்ற தெளிவான தவறுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம், மாற்றக் குறிப்பு போதும். எது தவறு, எது வழக்கம் என்ற கோட்டை எங்கே போடுவது என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு வரும். அந்த விவாதத்தை நிரல் எழுதும் முன்பே இஷ்யூவில் முடித்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

உரிமத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அப்போது காலம் கடந்திருக்கும். நம்பை, சைபை, சைக்கிட்-லேர்ன் எல்லாம் கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி உரிமத்தில் உள்ளவை. புள்ளியியலுக்கான ஆர் மொழியும் அதன் தொகுப்புகளில் பெரும்பாலானவையும் ஜிபிஎல், அதாவது வழிப்படைப்பும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமம். ஓர் ஆர் ஃபங்ஷனைப் பார்த்து வரிக்கு வரி பைத்தானாக மாற்றினால் அது வழிப்படைப்பு. பிஎஸ்டி திட்டத்தில் சேர்க்க முடியாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எடுத்த துண்டுக்கும் தனி உரிமம் உண்டு, அதுவும் பொருந்தாது. எண்ணியல் கணிப்புப் புத்தகங்களில் அச்சான நிரலும் பெரும்பாலும் அப்படியே. ஆய்வுக் கட்டுரையில் உள்ள சூத்திரத்தைப் படித்து நீங்களே எழுதலாம். ஆரின் வெளியீட்டு எண்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். நிரலைத் திறந்து பார்த்துவிட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த நிரலுக்கும் இதே கேள்வி எழுகிறது: அது எதிலிருந்து வந்தது, அதன் ஒவ்வொரு வரியையும் அனுப்புகிறவர் விளக்குவாரா? விளக்க முடியாத நிரலை அனுப்புவது, சரிபார்க்கும் சுமையை அப்படியே இன்னொருவர் மீது இறக்குவதாகும்.

இணைத்த பிறகும் வேலை கொஞ்சம் மீதி இருக்கிறது. திருத்தம் முதலில் இரவுதோறும் கட்டப்படும் வீல்களில் (நிறுவத் தயாரான தொகுப்புகளில்) போய்ச் சேரும். சார்ந்திருக்கும் திட்டங்கள் அவற்றை வைத்துத் தங்கள் டெஸ்ட்களை ஓட்டுவதால், உங்கள் மாற்றம் வேறெங்காவது எதையாவது உடைத்தால் முதல் தகவல் அங்கிருந்தே வரும். அடுத்தது ரிலீஸ் கேண்டிடேட் (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வெளிவரும் வாரங்கள். அப்போது புதிய இஷ்யூக்களில் உங்கள் ஃபங்ஷனின் பெயர் தென்படுகிறதா என்று கவனியுங்கள். தென்பட்டு, உடனே சரிசெய்ய முடியாததாக இருந்தால் உங்கள் கமிட்டைத் திரும்பப் பெறுவார்கள். நிதானமாகத் திருத்தி மறுபடி அனுப்ப அது அவகாசம் தருகிறது. இப்போதுள்ள பதிப்பிலேயே திருத்தம் வேண்டுமென்றால் ‘பேக்போர்ட்’ குறி இடும்படி பராமரிப்பாளரைக் கேளுங்கள். வழுத் திருத்தங்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும், புது வசதிகள் அடுத்த வெளியீடு வரை காத்திருக்க வேண்டும்.